மங்களாம்பிகையின் இடது கால்

மாட வீதியிலும் அதை ஒட்டிய நாலைந்து தெருக்களிலும் மங்களாம்பிகையின் இடது காலைப் பற்றி விசாரிக்காதவர்கள் குறைவு. "கால் தேவலையா மாமி?" என்று பூக்காரி கேட்பாள். "ரொம்ப நிக்காதீங்க" என்று பால்காரர் சொல்லிவிட்டுப் போவார். அந்தக் காலுக்கு ஒன்றுமே இல்லை என்பது அந்தக் காலுக்கும் மங்களாம்பிகைக்கும் மட்டுமே தெரிந்த ரகசியமாக ஏறக்குறைய ஒரு வருஷம் இருந்தது. ஊரின் அக்கறை முழுவதும் நல்ல காலின் மேல் குவிந்திருந்த அந்த வருஷத்தில், கெட்டது வேறோர் இடத்தில் சத்தமில்லாமல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மங்களாம்பிகைக்கு வயது ஐம்பத்து மூன்று. கணவர் சோமநாத குருக்கள் அண்ணாமலையார் கோயிலில் பரம்பரையாகப் பூஜை முறை உள்ளவர். ஒரே மகள் சைலஜா கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். தினமும் சாயங்காலம் அம்மாவும் பெண்ணும் போனில் எல்லாவற்றையும் பேசிக்கொள்வார்கள். எல்லாம் என்றால், அன்றைய சமையல்.

அவளுடைய மடி ஆசாரம் தெருவில் பிரசித்தம். கூடத்தில் தலைக்கு மேலே ஒரு மூங்கில் கொடி. அதில் அவளுடைய புடவையும் ரவிக்கையும் நீளமான கோலால் ஏறும், கோலாலேயே இறங்கும். அவற்றை வேறு யாரும் தொடக்கூடாது. குளித்த பிறகு அவளையும் யாரும் தொடக்கூடாது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கான ஜனங்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு மலையைச் சுற்றும் ஊரில், ஓர் ஈ, கொசுவைத் தவிர வேறெதுவும் தன்மேல் படாமல் முப்பது வருஷத்தை ஓட்டிவிட்டவள் அவள். அதைச் சாதனை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவளும்.

இரண்டாவது பிரசித்தம் வைத்தியம். சில வருஷங்களுக்கு முன் தெருக்கோடிக் கல்யாண மண்டபத்தில் பெண்களுக்கு ஒரு முகாம் நடந்தது. வந்திருந்த நர்ஸ் ரப்பரில் செய்த ஒரு மார்பகத்தைக் கொண்டுவந்து, அதற்குள் கட்டியை எப்படித் தடவிக் கண்டுபிடிப்பது என்று காட்டினாள். மங்களாம்பிகைதான் முதலில் எழுந்துபோய்த் தடவி, கட்டியைக் கண்டுபிடித்து, கைதட்டலும் வாங்கினாள். (வீட்டுக்கு வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டாள். ரப்பர் எந்தக் குலமோ.) நர்ஸ் அடுத்து, "கட்டி மட்டும் இல்லைங்க, இன்னும் சில விஷயம் இருக்கு" என்று ஆரம்பித்தபோது கோயிலில் உச்சிகால மணி அடித்தது. பெண்கள் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்கள். எழுந்தவர்கள் மறுபடி உட்காரவில்லை. வீட்டில் சாதம் வைக்க வேண்டாமா? பாதிப் பாடம் மண்டபத்திலேயே தங்கிவிட்டது.

தெரிந்த பாதியை மங்களாம்பிகை தெரு முழுவதற்கும் சொல்லிக்கொடுத்தாள். "குளிக்கறச்சே மூணு விரலால சுத்தித் தடவிப் பாருங்கோ. கட்டி இல்லேன்னா கவலையில்லை." அவள் பேச்சைக் கேட்டுத் தடவிப் பார்த்த பெண்கள் நிம்மதியாக இருந்தார்கள். அவள் எல்லோரையும்விட நிம்மதியாக இருந்தாள்.

ஒரு கார்த்திகையில் மழை விடாமல் பெய்தது. மடிப் புடவை காயவில்லை. காயாத புடவையையும் ரவிக்கையையும் ஈரத்தோடு கட்டிக்கொண்டு அடுப்படியில் நிற்பது அவளுக்கு வழக்கம்தான். அந்த மாதம் இடது முலைக்காம்பில் அரிப்பு ஆரம்பித்தது. ஈரத் துணியின் கோளாறு என்று முடிவு செய்தாள். நியாயமான முடிவு. முப்பது வருஷ ஈரத்தில் வலது பக்கத்துக்கு மட்டும் ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

தீபம் முடியட்டும், பார்த்துக்கலாம் என்று விட்டாள். இந்த ஊரில் எந்த வேலையையும் தள்ளிப்போட வேறு காரணமே வேண்டாம். வீட்டுக்கு வெள்ளையடிப்பது, பெண் பார்ப்பது, பல் பிடுங்குவது எல்லாமே தீபம் முடியக் காத்திருக்கும். தீபம் முடிந்தால் மார்கழி, பிறகு தை. பஞ்சாங்கம் இங்கே யாருக்கும் ஓய்வு கொடுத்ததில்லை.

தீபம் முடிந்தது. மலை உச்சியிலிருந்து கொப்பரை இறங்கியது. ஆருத்ரா தரிசனம் கழிந்து, குருக்கள் வீட்டுப் பங்காகத் தீப மையும் சின்ன வெள்ளி டப்பாவில் வீட்டுக்கு வந்தது. நெய்யும் திரியும் எரிந்து மிஞ்சிய கருப்பு மை; நெற்றியில் இட்டுக்கொண்டால் காத்து கருப்பு அண்டாது என்பது ஐதீகம். மங்களாம்பிகை நெற்றியில் இட்டுக்கொண்டாள். பிறகு கதவைத் தாழிட்டு, மோதிர விரலால் கொஞ்சம் எடுத்து, செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்த இடத்திலும் இட்டுக்கொண்டாள்.

நெய்ப்பசையில் எரிச்சல் அடங்கியது. சுவாமி கைவிடவில்லை என்று அவள் நினைத்ததில் ஆச்சரியமில்லை. மருந்துக்குக் கொஞ்சமும் மசியாத நோய் ஆளை விரட்டி டாக்டரிடம் அனுப்பிவிடும். கொஞ்சம் மசிகிற நோய்தான் வீட்டிலேயே தங்கிவிடும். மை இன்னோர் உபகாரமும் செய்தது. அந்த இடத்தை மூடி மறைத்தது. சிவந்ததோ, ஈரம் கண்டதோ, காம்பு மெல்ல மெல்லத் தட்டையாகியதோ, எதுவும் அவள் கண்ணுக்கே தெரியவில்லை. எல்லாம் கருப்பு.

மாசி வாக்கில் மை டப்பாவின் அடிக்குப் போய், அரிப்பு திரும்பியது. மருந்துக் கடைக்குப் போனாள்.

இந்த இடத்தில் ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இங்கே அம்மன் பெயர் உண்ணாமுலை. அர்ச்சனையில் அபீதகுசாம்பாள். தமிழிலும் சமஸ்கிருதத்திலும் அந்த உறுப்பின் பெயரைச் சொல்லித்தான் அம்மனைக் கூப்பிடுகிறோம். பெண் குழந்தைக்கு அந்தப் பெயர் வைக்கிறோம், ஸ்பீக்கரில் கேட்கிறோம். சோமநாத குருக்கள் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று அவருக்கே தெரியாது. அவர் மனைவி அதே வார்த்தையை மருந்துக் கடையில் சொல்ல முடியாமல் நின்றாள்.

கடைக்காரர் ராமகிருஷ்ணன் அடி அண்ணாமலைக் கிராமத்து விவசாயக் குடும்பம், நல்ல மனிதர். "சொல்லுங்க மாமி" என்றார்.

"அரிப்புக்கு ஒரு களிம்பு."

"எங்கங்க?"

கடையில் நாலு பேர் நின்றார்கள். மங்களாம்பிகை குனிந்து தன் உடம்பில் சொல்லத் தகுந்த இடத்தைத் தேடினாள். மிகத் தூரத்தில் ஒன்று இருந்தது.

"கால்ல."

"எந்தக் கால்?"

"இடது."

"சேத்துப்புண்ணா இருக்கும். ஈரத்துலயே நிப்பீங்க" என்று ஒரு குழாய்க் களிம்பை எடுத்துக் கொடுத்தார். "ஒரு வாரத்துல கேக்கலைன்னா டாக்டர்ட்ட காட்டிடுங்க. ஜாஸ்தி நாள் போடக்கூடாது, பவர் உள்ளது."

பாதத்தின் தடித்த தோலுக்கான களிம்பு மார்புக்குப் போனது. அதற்கும் அரிப்பு கொஞ்சம் அடங்கியது. கொஞ்ச நாள் கழித்துத் திரும்பியது. மங்களாம்பிகையும் கடைக்குத் திரும்பினாள். "இன்னுமா மாமி கால் ஆறல?" என்று ராமகிருஷ்ணன் உண்மையான கவலையோடு கேட்டார். அவர் கவலைக்கு மரியாதை கொடுக்க, கடைப் படியிறங்கும்போது அவள் லேசாக நொண்டினாள். அடுத்த முறை ஏறும்போதும் நொண்ட வேண்டியதாயிற்று. பொய்யும் மடி போலத்தான். ஒரு நாள் கடைப்பிடித்தால் தினமும் கடைப்பிடிக்க வேண்டும். அப்படித்தான் அவள் இடது கால் ஊர்ச் சொத்தானது.

சித்திரையில் வியர்வை. ஆடியில் காற்று. ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. மாதா மாதம் மூன்று விரலால் தடவிப் பார்த்தாள். கட்டி இல்லை. வலியும் இல்லை. ஐப்பசியில் ரவிக்கையில் சின்னதாக ஒரு கறை தெரிந்தது. சோப்புப் போட்டுக் கசக்கினாள்; முழுசாகப் போகவில்லை. மறுநாளும் அங்கேயே கறை. கசக்கிக் கொடியில் போட்டாள். யார் தொடப் போகிறார்கள்?

யாரும் தொடவில்லை. ஆனால் கண்ணுக்கு மடி கிடையாது.

குருக்களின் தங்கை தாட்சாயிணி இரண்டு வீடு தள்ளி இருந்தாள். நாத்தனாரும் மன்னியும் பேசிக்கொள்வதில்லை. சைலஜா கல்யாணத்தில் அத்தை முறைக்கு எடுத்த பட்டுப்புடவை முதல் நனைப்பிலேயே சாயம் விட்டது, அன்றிலிருந்து இப்படி. வரத்துப் போக்கு மட்டும் நிற்கவில்லை. "அண்ணா, ரசத்துல உப்பு கம்மின்னு மன்னிகிட்ட சொல்லு" என்பாள், மன்னி எதிரிலேயே. "உங்க தங்கைக்கு உப்பு ஜாஸ்தி ஆகாதுன்னு சொல்லுங்கோ" என்று பதில் வரும். குருக்கள் நடுவில் உட்கார்ந்து சாப்பிடுவார். அவர் இல்லாத நேரங்களில் இருவரும் சுவரோடு பேசினார்கள்.

அடுத்த தீபத்துக்குக் கொடியேறியது. குருக்கள் கையில் காப்பு கட்டிக்கொண்டு கோயிலோடு இருந்தார். காப்பு கட்டியவர் உற்சவம் முடியும் வரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. அன்று வழக்கம்போல அண்ணாவுக்கு வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுக்க வந்த தாட்சாயிணி, அவர் கோயிலுக்குத் திரும்பியதும் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் வெறுந்தரையில் தலைக்குக் கையை வைத்து மல்லாந்து படுத்தாள். அண்ணாந்து பார்த்தாள். தலைக்கு மேலே கொடியில் மூன்று ரவிக்கைகள். மூன்றிலும் இடது பக்கம், ஒரே இடத்தில், மஞ்சளும் பழுப்புமாக ஒரு வட்டம். மூன்றாவதில் நடுவே செம்மை.

அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"மன்னி" என்றாள். சுவரைப் பார்த்துச் சொல்லவில்லை. "உங்க இடது கால் ரவிக்கைக்குள்ளயா இருக்கு?"

அடுக்களை வாசலில் மோர்ச் செம்போடு நின்ற மங்களாம்பிகை சுவரிடம்தான் பதில் சொன்னாள். "காத்தால எண்ணெய் சிந்திடுத்து."

"மூணு நாளும் ஒரே இடத்துலயா? அந்த எண்ணெய்க்கு விலாசம் நன்னாத் தெரியும்போல இருக்கே."

மங்களாம்பிகை அண்ணாந்து கொடியைப் பார்த்தாள்.

"எப்பலேர்ந்து?"

"போன தீபத்துலேர்ந்து." சொன்ன பிறகுதான் அது எவ்வளவு நாள் என்பது சொன்னவளுக்கே உறைத்தது. அவசரமாகச் சேர்த்தாள். "வலி கிடையாது. கட்டியும் கிடையாது. எனக்குத் தெரியாதா? தெருவுக்கே சொல்லிக்கொடுத்தவ நான்."

"எனக்கும்தான் சொல்லிக்கொடுத்தேள். சுவரைப் பார்த்து." தாட்சாயிணி கொடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "கிளம்புங்கோ."

"தீபம் முடியட்டும். அவர் காப்பு கட்டிண்டிருக்கார்."

"அவர்தானே கட்டிண்டிருக்கார்? நீங்க இல்லையே. இதோ செங்கம் ரோடுல டாக்டர் இருக்கா, எல்லைக்குள்ளதான் இருக்கு."

"உற்சவ நேரத்துல ஆத்துல ஒண்ணுகிடக்க ஒண்ணு ஆயிடுத்துன்னா..."

"ஆனா என்ன? காப்பு கட்டினவருக்குத் தீட்டே கிடையாது. நீங்க போய்ச் சேர்ந்தாக்கூட அண்ணா பூஜைக்குப் போகலாம். அந்த சௌகரியத்தை உத்தேசிச்சுத்தான் உட்கார்ந்திருக்கேளா?"

மங்களாம்பிகை மோர்ச் செம்பை நிலைப்படியில் வைத்துவிட்டாள்.

தாட்சாயிணி மூலையில் சாத்தியிருந்த கோலை எடுத்தாள். மூன்றாவது ரவிக்கையை இறக்கினாள். இரண்டு கையாலும் பிடித்து, கறையை வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு அதே கையால் மன்னியின் தோளைத் தொட்டாள். முப்பது வருஷத்தில் அந்த வீட்டுக் கூடத்தில் நடந்த பெரிய அத்துமீறல் அது.

"மடி போச்சு" என்றாள். "எப்படியும் மறுபடி குளிக்கணும். குளிச்சுட்டு வாங்கோ, ஆட்டோ கூப்பிடறேன்."

டாக்டர் அருணாதேவியின் கிளினிக் செங்கம் சாலையில், தியானத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்கள் காப்பி குடிக்கும் ஒரு கடைக்கு மாடியில் இருந்தது. படியேறும்போது மங்களாம்பிகை நொண்டினாள். "இங்க யாரும் பார்க்கலை, நேரா நடங்கோ" என்றாள் தாட்சாயிணி.

"தொட்டுத்தான் பார்க்கணுமா டாக்டர்?"

"தொடாம சொல்றதுக்கு நான் ஜோசியக்காரி இல்லையேங்க" என்றார் அருணாதேவி. விலக்கிப் பார்த்தார். டப்பாவின் அடியில் ஒட்டியிருந்ததை வழித்து, கிளம்பும் முன் பூசிய மை அங்கே இருந்தது. "இது என்ன கருப்பு?"

"தீப மை. பிரசாதம்."

டாக்டர் பஞ்சை நனைத்து மெதுவாகத் துடைத்தார். பஞ்சு கருப்பாயிற்று, அடுத்த பஞ்சு சிவப்பாயிற்று. காம்பு இருக்க வேண்டிய இடத்தில் தட்டையாக, உள்ளே இழுத்தாற்போல, தோலுரிந்து ஈரமாக ஒரு புண். அதைச் சுற்றி விளிம்பு கட்டிய சிவப்பு. மங்களாம்பிகை குனிந்து பார்த்தாள். ஒரு வருஷமாகத் தினமும் தொட்டு வந்த இடத்தை அவள் சரியாகப் பார்த்தது அன்றுதான். டாக்டர் குப்பைத் தொட்டியைக் காலால் மிதித்துத் திறந்தார். பஞ்சை உடனே போடவில்லை. கையில் வைத்துக்கொண்டு ஒரு கணம் நின்றார். அவரும் இந்த ஊர்தான். பிறகு போட்டார்.

அக்குளில் அவர் விரல்கள் ஓரிடத்தில் நின்றன. திரும்பிப் போய், மறுபடி அதே இடத்துக்கு வந்தன.

"கட்டி இல்லையே டாக்டர்" என்றாள் மங்களாம்பிகை. "மாசா மாசம் பார்க்கறேன்."

"கைக்குத் தட்டுப்படாமயும் இருக்கும்மா. ஆழத்துல இருக்கும், இல்ல பாலுக்குழாய்க்குள்ளயே பரவி இருக்கும். சாதாரணப் படைன்னா பெரும்பாலும் ரெண்டு பக்கமும் வரும், காம்பை விட்டுட்டுச் சுத்தி வரும். இது ஒரே பக்கம். காம்புலயே ஆரம்பிச்சிருக்கு."

"வலிக்கவே இல்லையே."

"வலிச்சிருந்தா சீக்கிரம் வந்திருப்பீங்க." அருணாதேவி கை கழுவிக்கொண்டே பேசினார். "கட்டின்னு ஒண்ணை மட்டும் எல்லாருக்கும் சொல்லி வச்சிட்டோம். தோல் ஆரஞ்சுப்பழத் தோல் மாதிரி தடிச்சிருந்தாக்கூட வேர்க்குருன்னு இருந்துடறாங்க. ஒரு இடம் குழி விழும், ஒரு பக்கம் சிவந்து சூடா வீங்கும், பால் கொடுக்காத வயசுல நீரோ ரத்தமோ கசியும். எல்லாமே கேன்சர்னு சொல்லலை. நிறைய பேருக்கு ஒண்ணுமே இருக்காது. ஆனா அதை வீட்ல உக்காந்துகிட்டு முடிவு பண்ணக்கூடாது."

மங்களாம்பிகைக்கு அந்தக் கல்யாண மண்டபம் ஞாபகம் வந்தது. உச்சிகால மணி அடித்ததும், கன்னத்தில் போட்டுக்கொண்டு முதல் ஆளாக எழுந்தது தான்தான் என்பதும்.

அன்றே தோலில் ஒரு துணுக்கு எடுத்தார்கள். மார்பைப் படம் எடுத்தார்கள். காத்திருந்த நாட்களில் ஊர் தன் வழக்கப்படி நிறைந்துகொண்டிருந்தது. வெள்ளி ரிஷபம் புறப்பட்டது, தேர் ஓடியது, தெருவில் நடக்க இடமில்லை. மங்களாம்பிகை வாசலில் நின்று எல்லா சுவாமியையும் சேவித்தாள். யார் காலைப் பற்றிக் கேட்டாலும் "தேவலை" என்றாள். தாட்சாயிணி தினமும் வந்தாள். நேரடியாகப் பேசிக்கொள்வது இருவருக்கும் இன்னும் பழகாததால் அதிகம் பேசவில்லை.

முடிவு வந்தது. புற்றுநோய்தான். காம்பில் தெரிந்தது வெளிவாசல். உள்ளே படத்தில் இன்னொரு நிழல் இருந்தது. "படத்துல சின்னதாத்தான் தெரியுது" என்றார் அருணாதேவி. "அக்குள்ல இருக்கறதையும் பார்க்கணும். எது எவ்வளவு தூரம் போயிருக்குன்னு வேலூர்லதான் சொல்வாங்க. நான் பேசிட்டேன். தீபத்துக்கு மறுநாள் காலைல எட்டு மணிக்கு வரச் சொல்றாங்க."

"மறுநாள் காலைல ஊரை விட்டு எந்த வண்டியும் நகராதே" என்றாள் தாட்சாயிணி.

"அப்போ தீபத்தன்னிக்கே போயிடுங்க."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு தீபத்தையும் மங்களாம்பிகை விட்டதில்லை. அவள் வாயைத் திறந்தாள். தாட்சாயிணிக்கும் டாக்டருக்கும் என்ன வரப்போகிறது என்று தெரியும். ஆனால் அந்த வார்த்தை வரவில்லை. வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள்.

குருக்களிடம் அன்று மத்தியானம் சொன்னார்கள். காப்பு கட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தார்.

"என்னால வர முடியாதே" என்றார்.

"உங்களை யார் கூப்பிட்டா?"

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீங்க கேட்கலை. கால் எப்படி இருக்குன்னுகூடக் கேட்கலை. ஊர் பூரா கேட்டது."

"ஆத்துல நீ நொண்டலையே மங்களம்" என்றார் குருக்கள்.

அது உண்மைதான். ஊரில் அவள் காலுக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்த இன்னொருவர் இருந்திருக்கிறார். அதற்கு மேல் விசாரிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

தீபத்தன்று ஊருக்குள் வரும் பஸ்கள் ஆள் தொங்க வந்தன. வேலூர் சாலையில் தற்காலிகமாகப் போட்டிருந்த பஸ் நிலையத்திலிருந்து வெளியே போன பஸ்ஸில் கண்டக்டர், டிரைவர், இரண்டு பெண்கள், ஒரு தூங்கும் போலீஸ்காரர். "எல்லாரும் உள்ள வர்றாங்க, நீங்க எங்கம்மா வெளிய போறீங்க?" என்றார் கண்டக்டர்.

"கூட்டம் ஒத்துக்கலை" என்றாள் தாட்சாயிணி.

போளூர் நெருங்கும்போது இருட்டிவிட்டது. கண்டக்டர் திடீரென்று பின்பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார். டிரைவர் வண்டியை ஓரம் கட்டினார். பின் கண்ணாடியில் மலை தெரியவில்லை. இருட்டில் அது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் தெரிந்தது. மாட வீதியில் நின்றால் வானத்தையே பற்றவைத்தாற்போல இருக்கும் தீபம்.

மங்களாம்பிகை கும்பிட்டாள். இடது கையை உயர்த்தும்போது அக்குளில் ஏதோ இறுகியது.

"இத்தனூண்டுதானா?" என்றாள்.

தாட்சாயிணி அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "தூரத்துலேர்ந்து அப்படித்தான் தெரியும்."

வேலூரில் இடது மார்பை முழுவதும் எடுத்தார்கள். அக்குளில் நோய் ஏறிய நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். ஒரு வருஷம் முன்னால் வந்திருந்தால் அங்கே ஏறியிருக்குமா என்று தாட்சாயிணி கேட்டதற்கு, அங்கிருந்த டாக்டர் காகிதங்களை அடுக்கினார். பிறகு ஊசிகள். முடி கொட்டியது. யார் யாரோ தொட்டார்கள், தூக்கி உட்கார்த்தினார்கள், துடைத்துவிட்டார்கள். மடி என்ற பேச்சையே அவள் எடுக்கவில்லை. எடுத்தால் சிரிப்பார்கள் என்பதற்காக அல்ல. அந்தக் கைகள் வெதுவெதுப்பாக இருந்தன என்று சைலஜாவிடம் போனில் ஒரு நாள் சொன்னாள். சமையல் தவிர அவர்கள் பேசிய முதல் பேச்சு அதுதான். வைத்தியம் முடிந்துவிட்டது என்று யாரும் அவளிடம் இன்னும் சொல்லவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரச் சொல்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அக்குளில் ஒரு விரல் நின்று யோசிக்கும்போது அவள் மூச்சை நிறுத்திக்கொள்கிறாள்.

இந்த வருஷம் ஐப்பசிக் கடைசியில் மாத்திரை வாங்க மருந்துக் கடைக்குப் போனாள். தலையில் முக்காடு, நெற்றியில் விபூதி. தீபத்துக்குப் பந்தக்கால் நட்டாகிவிட்டது, கடையில் கூட்டம்.

"மாமி, ஆளையே காணோமே. வேலூர்ல இருந்தீங்கன்னாங்க" என்றார் ராமகிருஷ்ணன். "கால் எப்படி இருக்கு?"

"எடுத்துட்டா" என்றாள் மங்களாம்பிகை.

ராமகிருஷ்ணன் கவுண்டருக்கு மேலாக எட்டிப் பார்த்தார். இரண்டு கால் இருந்தது. மறுபடி அவள் முகத்தைப் பார்த்தார்.

"காலே இல்லை ராமகிருஷ்ணன், அது. அன்னிக்கு நாலு பேர் நின்னா, சொல்ல வாய் வரலை. நாம அம்மனை என்ன பேர் சொல்லிக் கூப்பிடறோம்? அந்த இடம். காம்புல அரிப்பு வந்து ஒரு வருஷம் உங்க களிம்பைப் போட்டேன். கட்டி இல்லை, வலி இல்லைன்னு இருந்தேன். கேன்சர்."

அன்று நாலு பேர்தான் நின்றார்கள். இன்று எட்டுப் பத்துப் பேர் இருக்கும். ராமகிருஷ்ணன் கையில் அடுத்த வாடிக்கையாளருக்காக எடுத்த ஒரு குழாய்க் களிம்பு இருந்தது. மங்களாம்பிகைக்கு அந்தப் பச்சை அட்டைப் பெட்டியை நன்றாகத் தெரியும்.

"இது யாருக்கு?" என்றாள்.

ராமகிருஷ்ணன் பக்கத்தில் நின்ற பெண்ணைப் பார்த்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். தோளில் பள்ளிக்கூட டீச்சர்கள் மாட்டுகிற பை. "கைக்குன்னு கேட்டாங்க" என்றார். சொல்லிவிட்டு அந்தப் பெண்ணின் கைகளைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். இரண்டு கையும் சுத்தமாக இருந்தது.

அந்தப் பெண் பையைப் பக்கவாட்டிலிருந்து முன்னால் இழுத்து, மார்போடு அணைத்துக்கொண்டாள். "இருக்கட்டும்ங்க" என்றாள், யாரையும் பார்க்காமல். "தீபம் முடியட்டும். வந்து வாங்கிக்கிறேன்."

படியிறங்கிக் கூட்டத்துக்குள் நடந்தாள். மங்களாம்பிகை மாத்திரையைக் கவுண்டரிலேயே விட்டுவிட்டு அவள் பின்னால் இறங்கினாள், நொண்டாமல், வேகமாக, வருகிறவர் போகிறவர் எல்லோரையும் இடித்துக்கொண்டு.